அலுமாரி செய்யாத கடை

மகன், ஃபோனில் கதைத்தால் நீ பாதியில் வைத்துவிடுவாய். "அம்மா, மீட்டிங், பிறகு எடுக்கிறன்" என்பாய். அந்தப் பிறகு ஒரு நாளும் வந்ததில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். கொண்டுவந்து தருகிற நம்முடைய தச்சர் சில்வெஸ்டர் பாஸ் வாசித்தாலும் வாசிக்கட்டும், கல்கிசையில் உன் ஃபிளாட்டுக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற காவல்காரர் வாசித்தாலும் வாசிக்கட்டும். எனக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளித்ததெல்லாம் போதும்.

நேற்றுப் புதன்கிழமை பின்னேரம் உன் நிரோஷா எனக்கு ஃபோன் எடுத்தாள். நல்ல பிள்ளை, மரியாதையாகக் கதைக்கிறாள். நான் அவளை இரண்டே தரம்தான் கண்டிருக்கிறேன், இரண்டு தரமும் வெள்ளவத்தையில் உன் சித்தி வீட்டில். ஏன் கொட்டாஞ்சேனையில் நம்முடைய வீட்டில் இல்லை என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை, மடைச்சி நான். "மாமி, எங்கட புது வீட்டுக்கு ஒரு அலுமாரி செய்து தருவீங்களோ? உங்கட தளபாடக் கடையில எல்லாம் நல்ல மரமெண்டு இவர் சொன்னவர்" என்று ஆசையோடு கேட்டாள். அந்த நேரம் நான் ஐந்தடி பத்து அங்குலச் சவப்பெட்டி ஒன்றுக்குள்ளே வெள்ளை சாட்டின் துணி வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். வாயில் நாலு சின்ன ஆணி. அதைத் துப்பிவிட்டு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பிள்ளை, எங்கட கடையில அலுமாரி செய்யிறதில்ல, பிரேதப் பெட்டிதான் செய்யிறது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஓம் பிள்ளை, பாப்பம்" என்றேன். பக்கத்தில் மரம் சீவிக்கொண்டிருந்த சில்வெஸ்டர் பாஸ், இருபத்தாறு வருஷமாக நம்மோடு நிற்கிற மனுசன், சீவுளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, அலுமாரியோ?" என்றார். அவ்வளவுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், என் சொந்தக் கடைக்குள் நின்றுகொண்டு, என்னுடைய தொழிலை நானே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆக, நீ கட்டப்போகிற பிள்ளைக்கு உன் தாய் யார் என்று தெரியாது. போன ஞாயிறு நீ கொண்டுவந்து காட்டிய மாதிரிக் கலியாணக் காட் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அதில் உன் தாத்தாவின் பெயருக்குக் கீழே 'மர வியாபாரி' என்று போட்டிருந்தாய். நான் ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அதோடு நிற்காமல், அவளுடைய ஆட்கள் வீடு பார்க்க வருகிற அன்றைக்கு வீட்டுக்குக் கீழே கடைக் கதவைச் சாத்தி, பெயர்ப்பலகையைத் துணியால் மூடச் சொன்னாய். "பெயின்ற் அடிக்கினமெண்டு சொல்லலாம் அம்மா, ஒரு நாளைக்குத்தானே." என்னுடைய மறுமொழி இதுதான்: கதவு சாத்தமாட்டேன். பலகை மூடமாட்டேன். கலியாணத்துக்கு முதல் நீ அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது கோள். நீ சொன்னால்தான் அது உண்மை.

உன் தாத்தாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? மடியில் வைத்துத் தோடம்பழம் உரித்துத் தந்தவர் என்று தெரியும். உனக்கு ஏழு வயதில் அவர் போய்விட்டார். அவர் துறைமுகத்தில் சாமான் பெட்டி அடிக்கிற தச்சனாக இருந்தவர். சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷத்தில், அவரோடு வேலை செய்த ஒருவர் மேல் பாரம் விழுந்து அங்கேயே உயிர் போய்விட்டது. ஆள் ஆறடிக்கு மேல். கடையில் விற்கிற பெட்டி ஒன்றும் அவருக்கு அளவில்லை. காலை மடக்கி வைக்கலாம் என்று கடைக்காரன் சொன்னானாம். என் அப்பாவுக்கு வந்த கோபம்! "உயிரோட இருக்கேக்க குனிஞ்சு குனிஞ்சு வேலை செய்தவன். செத்த பிறகாவது நீட்டி நிமிந்து படுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கப்பலில் வந்த பலகையை வாங்கித் தானே ஒரு பெட்டி செய்தார். பலகையில் கறுப்பு மையில் கப்பல் கொம்பனியின் எழுத்து இருந்தது. அந்த எழுத்துப் போகும் வரை சீவினார். சீவிச் சீவிப் பலகை மெலிந்துவிட்டது, இரட்டைப் பலகை வைக்க வேண்டியதாயிற்று. கொட்டாஞ்சேனைச் சனம் அந்தப் பெட்டியைப் பார்த்தது. அடுத்த மாதம் வேறொரு வீட்டார் வந்து கேட்டார்கள். இப்படித்தான் நம்முடைய கடை தொடங்கியது. பணக்காரனாக வேண்டும் என்று தொடங்கவில்லை, ஒரு மனுசனின் காலை மடக்கக் கூடாது என்று தொடங்கினார்.

அவருடைய தொழிலுக்கு அவரே போட்ட சட்டங்கள் இருந்தன. தெருவில் போகும்போது ஒருவரையும் தலையிலிருந்து கால் வரை பார்க்கமாட்டார். முகத்தை மட்டும் பார்ப்பார், இல்லையென்றால் நிலத்தைப் பார்ப்பார். அளவெடுக்கிறார் என்று ஆட்கள் நினைத்துவிடுவார்களாம். நோயாளியைப் பார்க்கப் போகவே மாட்டார், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும். பெட்டிக்காரன் படியேறினால் வீட்டார் மனம் என்ன பாடுபடும் என்பார். அவருடைய அக்கா, என்னுடைய மாமி, மாளிகாவத்தை ஃபிளாட்டில் சுகமில்லாமல் கிடந்தபோது பழப்பையை என்னிடம் தந்து மேலே அனுப்பிவிட்டு, இவர் கீழே ரோட்டில் வெயிலில் நிற்கிறார். மாமிக்குப் பொறுக்கவில்லை. எழும்பி வந்து பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழு மாளிகாவத்தைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "டேய் அந்தோனி, மேல வாடா! நீ வந்தா நான் செத்திருவனோ? உன்ட பெட்டியில படுக்கிறதுக்கு எனக்கு இன்னும் பத்து வருஷம் கிடக்கு!" அப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் நான் ரோட்டில் வைத்துக் கண்டேன். ஆனாலும் ஏறவில்லை.

இன்னொரு சட்டம், இதை நீ கவனமாக வாசி. சின்னப் பெட்டியை அவர் ஒரு நாளும் முன்கூட்டிச் செய்து வைக்கமாட்டார். பெரிய ஆட்களுக்கு நாலு ஐந்து பெட்டி எப்போதும் தயாராகச் சுவரோரம் நிற்கும். பிள்ளைகளுக்கு இல்லை. "செய்து வச்சா, அது ஒரு பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். என்ட கடையில அப்படி ஒண்டும் காத்துக்கொண்டிருக்கக் கூடாது" என்பார். யாராவது வந்து கேட்டால், அந்த நேரம் எந்த நேரமாக இருந்தாலும், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு முதல் பலகையிலிருந்து தொடங்குவார். இப்போதும் நம்முடைய கடையில் அதுதான் வழக்கம். நீ அந்தக் கடைக்கு மேலே இருபது வருஷம் படுத்தெழும்பினாய், ஒரு நாளாவது அங்கே ஒரு சின்னப் பெட்டி நிற்கக் கண்டாயா?

பயந்த மனுசன் என்று நினைத்துவிடாதே. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் நம்முடைய கடைக் கண்ணாடியை உடைத்தார்கள், வாசலில் நின்ற பெட்டிகளை ரோட்டில் இழுத்துப்போட்டு எரித்தார்கள். நாலாம் நாள் அப்பா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டுக் கடையைத் திறந்தார். அக்கம்பக்கத்தில் ஒரு தமிழ்க் கடையும் திறக்கவில்லை. முதலில் வந்தவன் அடுத்த ஒழுங்கைச் சிங்களப் பெடியன், அழுதழுது கண் வீங்கியிருந்தது. "முதலாளி, பெட்டியக் ஓனே. அம்மா நெத்தி உனா" என்றான், பெட்டி ஒன்று வேணுமாம், அம்மா செத்துப்போனாவாம். அப்பா மிஞ்சியிருந்த நல்ல பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். என் அண்ணனுக்குக் கொதித்தது. "எரிச்சவங்களுக்குக் குடுக்கிறீங்களோ அப்பா? இவனும் நிண்டிருப்பான்!" அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன்ட தாய் வீட்டில கிடக்கிறா. நான் என்ன, கல்லெறிஞ்சனியோ இல்லையோ எண்டு கேட்டுட்டு அளவெடுக்கிறதோ?" என்றார். இந்த மனுசனைத்தான் நீ 'மர வியாபாரி' என்று போட்டிருக்கிறாய்.

சரி, உன்னை மட்டும் ஏசி என்ன பிரயோசனம்? இந்தப் பொய்யை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். கொன்வென்ட்டில் படிக்கும்போது, "டடா என்ன செய்கிறார்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் தளபாடக் கடை என்றுதான் சொன்னேன். உன்னைப் போலவே, அதே சொல். உன் அப்பா வீட்டாருக்கு உண்மை தெரியும். தெரிந்தும், இரண்டு பக்கமும் 'மரத் தொழில்' என்றே கதைத்துக்கொண்டோம். என் கலியாணத்தன்று காலையில் நான் அப்பாவிடம் கேட்டதும் நீ கேட்டதுதான்: கதவைச் சாத்துங்கோ, பலகையை மூடுங்கோ. அவர் சாத்தினார். தானே ஏணி வைத்து ஏறி, என் தாயின் பழைய சேலையால் பலகையை மூடினார். அந்தத் தெருவில் வேறு எந்தப் பெண்ணின் கலியாணக் கார் போனாலும் அவராகவே கதவைச் சாத்துவார், யாரும் கேட்பதற்கு முதலே. நான் கேட்க வேண்டியதாக இருந்தது என்று அவருக்கு வலித்திருக்கும். அதை நான் அப்போது நினைக்கவில்லை.

மாதா கோயிலுக்கு வெளிக்கிட ஒரு மணித்தியாலம் இருக்கும்போது பின்கதவைத் தட்டினார்கள். பின் ஒழுங்கையில் இருந்த ஒரு தாயும் தகப்பனும். காலையில் ஆஸ்பத்திரியில் அவர்களுடைய மூன்று வயதுப் பிள்ளை போய்விட்டது. கடையில் சின்னப் பெட்டி இல்லை, இருக்காது. அண்ணன் அவர்களை வேறிடத்துக்கு அனுப்பப் பார்த்தான். அப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் கொளுவினார். "மகள், நீங்க கோயிலுக்குப் போங்கோ. நான் வந்திருவன்" என்றார். கலியாணக் காற்சட்டையோடே பலகையை எடுத்து வைத்துச் சீவத் தொடங்கினார். நான் மேலே வெள்ளைச் சேலையும் தலையில் நெட்டும் போட்டுக்கொண்டு நின்றேன். கீழே வாள் அறுக்கிற சத்தம் கேட்கிறது. எனக்கு அந்தப் பிள்ளையின் தாயை நினைக்கத் தோன்றவில்லை. என்னுடைய மானம் போகிறது என்றுதான் நினைத்தேன்.

கோயில் வாசலில் காருக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். உன் அப்பாவின் ஆட்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள், கலியாணப் பூசை வைக்க இருந்த சுவாமி இரண்டு தரம் வெளியே வந்து பார்த்தார். பிறகு அப்பா ஓடி வந்தார். கோட் போட்டிருந்தார், பூ குத்தியிருந்தார், ஆனால் இரண்டு கையிலும் மண்ணிறப் பொலிஷ். என்னைக் கூட்டிக்கொண்டு போகக் கையை நீட்டினார். நான் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "கையைக் கழுவிட்டு வாங்கோ. இந்தக் கையோட என்னைத் தொடாதீங்கோ." அவர் தன்னுடைய கையைப் பார்த்தார். "சரி மகள்" என்றுவிட்டு வளவிலிருந்த பைப்புக்குப் போனார். பொலிஷ் தண்ணீருக்குப் போகாது என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கடையில் பிறந்தவள் நான். அவர் மண்ணை அள்ளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்க, நான் பொறுக்காமல் என் மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா ஆட்கள் இருக்கிற கடைசி வாங்குக்குப் பின்னால் நின்றார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தார், என்னை ஏசவே இல்லை. ஆனால் என் கையைத் தொடவும் இல்லை. எதைத் தந்தாலும் மேசையில் வைப்பார், நான் எடுக்க வேண்டும். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் உன்னை நீட்டினேன், வாங்கவில்லை. நேர்ஸ் வரும் வரை நின்று, அவளுடைய கையிலிருந்துதான் உன்னை வாங்கினார். என்னைத் தண்டிக்கச் செய்யவில்லை, மகன். நான் சொன்னதை அப்படியே கேட்டு நடந்தார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினொரு வருஷம் இருந்தது. நாளைக்கு, பாஸ்கா முடிய, நத்தாருக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் போன அன்று ஆண்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, நானே அந்தக் கையைக் கழுவினேன். நகத்துக்குள் பொலிஷ் இருந்தது. போகவில்லை, போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இதை இன்றைக்கு வரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், அழுதழுதுதான் எழுதுகிறேன், போதுமா?

அண்ணன் கனடாவுக்கு வெளிக்கிட்டு, கடையை விற்கப் பார்த்தபோது பூட்டையும் திறப்பையும் நான் வாங்கினேன். பொம்பிளை பெட்டிக் கடை நடத்துகிறாள் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் சாட்டின் வைத்தேன், நன்றாகவே வைத்தேன். உன் அப்பா கண்ணை மூடிய பிறகு உன் சோறு, உன் சப்பாத்து, உன் கம்பஸ் படிப்பு, எல்லாம் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. நீ பெட்டி மூடி மேல் கொப்பி வைத்துக் கணக்குப் பாடம் செய்த பிள்ளை. ஆனாலும் மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடம் தந்த படிவத்தில் 'பெற்றோர் தொழில்' என்று கேட்ட இடத்தில் நான் 'சொந்தத் தொழில்' என்று எழுதினேன். நீ வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். அன்றைக்கே உனக்கு நான் பழக்கிவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இப்போது உனக்கு முப்பது வயது. இனி இது உன்னுடையது.

அவள் கேட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறாய், தெரியும். போனால் போகட்டும். போகிறவள் கலியாணத்துக்கு முதலே போவது நல்லது. போகாவிட்டால், முழு ஆளாக அவளுக்கு முன்னால் நிற்கலாம். நீ அவளுக்குப் பயந்து என்னை ஒளிக்கவில்லை, உன்னையே ஒளிக்கிறாய். அப்படி ஒளித்துக்கொண்டு ஒரு வீட்டில் எத்தனை வருஷம் இருக்கப்போகிறாய்? எனக்கு அவளை நம்பலாம் போல இருக்கிறது. பொய் சொல்லப்பட்டதற்குக் கோபப்படுவாள், படத்தான் வேண்டும். பெட்டிக்காக ஓடுகிற பிள்ளையாகத் தெரியவில்லை.

இன்றைக்குக் காலையில் நான் அச்சகத்துக்குப் போனேன். உன் கலியாணக் காட்டில் 'மர வியாபாரி'யை வெட்டிவிட்டு, 'சவப்பெட்டிக் கடை, கொட்டாஞ்சேனை' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரத் தம்பிக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, கலியாணக் காட்டில இதைப் போடுறதோ? வாசிக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றான். "வாசிக்கிற ஆக்கள் எல்லாரும் எப்பவோ ஒரு நாள் என்னட்டை வாறவைதான் தம்பி, நீ அடி" என்றேன். அடித்துக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை கிடைக்கும்.

இனிக் கடைசி விஷயம். உங்களுடைய கலியாண ஓலை கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் என்று சுவாமி வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லுவார். ஒருவரும் ஒன்றும் சொல்லுவதில்லை. எல்லோரும் இருமிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். நான் இந்த முறை கொட்டாஞ்சேனையில் பூசை காணமாட்டேன். பஸ் பிடித்து வெள்ளவத்தையில் நிரோஷாவின் கோயிலுக்கு வருவேன். நிரோஷா வீட்டார் இருக்கிற வாங்குக்குப் பின் வாங்கில் இருப்பேன். அதற்கு முதல் நீ அவளிடம் சொல்லியிருந்தால், நான் பேசாமல் இருந்து, பூசை முடிய அவளைக் கொஞ்சிவிட்டு வீட்டுக்கு வருவேன். சொல்லாமல் விட்டிருந்தால், சுவாமி அந்த வசனத்தை வாசித்து முடிக்க, நான் எழும்புவேன். பெட்டி செய்கிறது தடை இல்லை, எனக்குத் தெரியும். பொய் தடையா இல்லையா என்று சுவாமி எல்லோருக்கும் முன்னால் சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் உன் கையில் இருக்கிறது, மகன். எனக்குப் பதினொரு வருஷம் இருந்தது, நான் வீணாக்கினேன்.

உன் அம்மா